ஏலத்துக்கு வைத்த சரக்கை இடையில் எடுக்கலாமா?

ஏலம் என்பது வணிகர்களாகிய நமக்குப் புதிய சங்கதி அல்ல. போடியில் ஏலக்காய், குன்னூரில் தேயிலை, ஈரோட்டில் மஞ்சள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பருத்தி, நிலக்கடலை என்று நம் கொள்முதலில் ஒரு பகுதி தலைமுறை தலைமுறையாக ஏலத்தில்தான் நடந்து வருகிறது. 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்ற குரலைக் கேட்டே தொழில் பழகியவர்கள் நம்மில் பலர். இப்போது அந்தக் குரல் இருந்த இடத்தில் கணினித் திரை வந்து உட்கார்ந்திருக்கிறது. மூடிய ஆலைகளின் இயந்திரங்கள், அரசு நிறுவனங்களின் பழைய இரும்பு, வங்கிகள் கையகப்படுத்திய கிடங்குகள், கம்பெனிகள் கழித்துக்கட்டும் தேங்கிய சரக்கு என்று எத்தனையோ பொருள்கள் இணையதள ஏலத்துக்கு வருகின்றன. கடையில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் விலை கேட்கலாம். வசதிதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த வசதியோடு ஒரு தொல்லையும் வந்திருக்கிறது. டெபாசிட் கட்டி, நேரில் போய்ச் சரக்கைப் பார்த்து, கணக்குப் போட்டு, நாம் விலை கேட்டுக் கொண்டிருக்கும்போதே, ஏலம் முடிய இன்னும் சில மணி நேரம் இருக்கையில், அந்த லாட் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. 'விற்பனையாளரால் திரும்பப் பெறப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் வருகிறது. காரணம் கேட்டால் பதில் இல்லை. டெபாசிட் எப்போது திரும்பும் என்றால் அதற்கும் பதில் இல்லை. நம்மவர்களில் பலர் இதை அனுபவித்திருக்கிறார்கள். 'இது மோசடி அல்லவா? வழக்குப் போட முடியாதா?' என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. எனினும் கோபத்தில் எதையும் செய்வதற்கு முன், சட்டம் எதுவரை நமக்குத் துணை நிற்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதன்பின் நம் பக்கத்தையும் சற்றே பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டில் சரக்கு விற்பனைக்கு அடிப்படையானது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 64ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ விற்பனை முடிந்தது என்று அறிவிக்கும்போதுதான் விற்பனை முடிகிறது என்பது அந்தப் பிரிவின் சாரம். அதுவரை ஏலம் கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. நாம் கேட்ட விலை என்பது ஒரு முன்மொழிவு மட்டுமே. எதிர்த்தரப்பு ஏற்றுக்கொள்ளும்வரை அது ஒப்பந்தம் ஆகாது. நமக்குப் பின்வாங்க உரிமை இருப்பதுபோலவே, பொதுவாகப் பார்த்தால், சுத்தியல் விழுவதற்கு முன் சரக்கை எடுத்துக்கொள்ள விற்பவருக்கும் இடம் இருக்கிறது.

இது இன்று நேற்று வந்த கருத்தும் அல்ல. நம்முடைய சட்டம் இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. அந்தச் சட்டத்துக்கும் முன்னதாக, 1873இல், அந்நாட்டில் ஒரு வழக்கு. லண்டன் நகரத் தரகர் ஒருவர், வெளியூரில் அலுவலக மேஜை நாற்காலிகள் ஏலம் என்ற விளம்பரத்தைப் பார்த்து ரயிலேறிப் போனார். போன இடத்தில் அந்தச் சாமான்களை ஏலத்துக்கே கொண்டுவரவில்லை. இரண்டு நாள் வேலை கெட்டதற்கும் ரயில் செலவுக்கும் நஷ்டஈடு கேட்டார். ஏல விளம்பரம் என்பது இன்னதை விற்க எண்ணியிருக்கிறோம் என்ற தகவல்தானே தவிர, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்த வாக்குறுதி ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விளம்பரத்தை நம்பி லாரி வாடகைக்கு முன்பணம் கொடுத்தவர்கள் இந்த நூற்றைம்பது ஆண்டுப் பழைய வழக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே சமயம் விற்பவர் தன் வாயாலேயே தன்னைக் கட்டிக்கொண்டால் நிலைமை மாறுகிறது. 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு உதாரணம். மோட்டார் எஞ்சின்களைச் சோதிக்கும் இரண்டு புதிய இயந்திரங்கள், குறைந்தபட்ச விலை இல்லை என்ற அறிவிப்போடு ஏலத்துக்கு வந்தன. புதிதாக வாங்கினால் ஒவ்வொன்றும் 14,000 பவுண்டுக்கு மேல். ஒருவர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் 200 பவுண்டு கேட்டார். விலை போதாதென்று ஏலதாரர் இயந்திரங்களை எடுத்துக்கொண்டுவிட்டார். குறைந்தபட்ச விலை இல்லை என்று சொல்லிவிட்டு விலை போதவில்லை என்று எடுப்பது செல்லாது என்று கூறி, 27,600 பவுண்டு நஷ்டஈடு கொடுக்க உத்தரவாயிற்று. 'எந்த விலையானாலும் கொடுப்பேன்' என்று கூவி ஆள் சேர்ப்பவர் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே இதில் உள்ள நியாயம்.

இணையத்தில் சுத்தியல் எப்போது விழுகிறது?

மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்தால் அது செல்லாமல் போகாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே கணினி ஏலமும் ஏலமே. ஆனால் அதில் சுத்தியல் விழுவது எப்போது என்பதை அந்தந்த ஏலத்தின் நிபந்தனைகள்தாம் தீர்மானிக்கின்றன. நம்மவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

நேரம் முடிந்துவிட்டது, திரையில் நம் பெயர்தான் முதலிடத்தில் நிற்கிறது, எனவே சரக்கு நம்முடையது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பழைய இரும்பு, பழைய இயந்திர ஏலங்கள் பலவற்றில் 'விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டது' என்று ஒரு நிபந்தனை இருக்கும். அப்படியென்றால் நேரம் முடிந்தும் சுத்தியல் இன்னும் விழவில்லை, விற்பவர் கையிலேயே இருக்கிறது என்று பொருள். இன்னும் பல ஏலங்களில் 'எந்த லாட்டையும் எந்த நேரத்திலும் காரணம் கூறாமல் திரும்பப் பெற உரிமை உண்டு' என்ற வாசகம் பொடி எழுத்தில் இருக்கும். அதற்குச் சம்மதம் என்று நாம் பொத்தானை அழுத்திய பிறகுதான் உள்ளேயே விட்டிருப்பார்கள். பின்னால் போய் முறையிட்டால், 'நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்' என்று நம் சம்மதத்தையே நம்மிடம் காட்டுவார்கள்.

ஜெர்மனியில் கண்ட வழி

இணைய ஏலத்தில் இந்தச் சிக்கலை வெகுநாள் முன்பே சந்தித்தவர்கள் ஜெர்மனி நாட்டார். அங்கே ஈபே என்ற தளத்தில் ஏலம் பெரிதாக நடக்கிறது. (நம் நாட்டில் அந்தத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது.) அந்நாட்டில் அதன் விதிப்படி, பொருளை ஏலத்துக்குப் போட்டாலே அது கட்டுப்படுத்தும் முன்மொழிவு ஆகிவிடும். தக்க காரணம் இல்லாமல் இடையில் நிறுத்தினால், நிறுத்திய நேரத்தில் யார் கூடுதல் விலை கேட்டிருந்தாரோ அவருக்கு விற்றதாகவே கணக்கு.

2014 நவம்பரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. விற்பவர் பழைய கார் ஒன்றை 1 யூரோ தொடக்க விலையில் போட்டார். ஒருவர் 555 யூரோ சொச்சம் வரை போகத் தயார் என்று பதிவு செய்து கேட்டார். சில மணி நேரத்தில் விற்பவர் ஏலத்தை நிறுத்தினார். வெளியில் 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்துவிட்டதுதான் காரணம். அப்போது வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. ஆகவே கார் 1 யூரோவுக்கு விற்றதாகிறது, காரின் மதிப்பு 5,250 யூரோ, வித்தியாசமான 5,249 யூரோவைக் கொடு என்று தீர்ப்பாயிற்று. 1 யூரோவுக்குக் காரா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். குறைந்த விலை போட்டு ஆள்களை இழுக்கும் ஆதாயத்தை எடுத்துக்கொண்டவர் அதன் ஆபத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நீதிமன்றத்தின் பார்வை.

அதே நீதிமன்றம் 2011இல் கேமரா ஒன்றைப் பற்றிய வழக்கில் விற்பவர் பக்கம் நின்றது. ஏலம் நடக்கும்போதே கேமரா திருடு போய்விட்டதால் நிறுத்தினேன் என்றார் விற்பவர். திருட்டு அவர் செயல் அல்ல, இல்லாத பொருளை எப்படிக் கொடுப்பார் என்று ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தராசு கிடைக்கிறது. தன் கையை மீறிய காரணத்தால் எடுப்பது ஒன்று, கூடுதல் காசுக்காக எடுப்பது வேறொன்று. நம் சட்டம் ஜெர்மனிச் சட்டம் அல்ல. ஆனாலும் வணிக நியாயம் எடை போட இந்தத் தராசு போதும்.

மூன்று வகையான காரணங்கள்

அந்தத் தராசில் வைத்துப் பார்த்தால், இடையில் சரக்கை எடுப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, உண்மையான இடையூறு. சரக்கு மழையில் நனைந்துவிட்டது, திருடு போய்விட்டது, நீதிமன்றத் தடை வந்துவிட்டது, அல்லது பட்டியலில் எடையையோ தரத்தையோ தவறாகப் போட்டுவிட்டார்கள். இந்த வகையில் எடுப்பதுதான் முறை. எடுக்காமல் விட்டால்தான் நமக்கு நஷ்டம். இவரோடு சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

இரண்டாம் வகை, விலை வரவில்லை என்று எடுப்பவர். இவருக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்று ஒரு குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே அறிவித்துவிடலாம். அப்படி அறிவிக்காமல், கூட்டம் சேரட்டும் என்று அடிமாட்டு விலையில் தொடங்கிவிட்டு, கடைசி நேரத்தில் வயிற்றெரிச்சல் பட்டு எடுப்பது முறையல்ல. தன் ஆளையே விட்டு விலையை ஏற்றிக் கேட்கச் செய்வது அதைவிட மோசம். விற்பவரும் கேட்பார் என்று அறிவிக்காத ஏலத்தில் அப்படிச் செய்தால், வாங்கியவர் அதை மோசடியாகக் கருதலாம் என்று அதே 64ஆம் பிரிவு சொல்கிறது.

மூன்றாம் வகைதான் நாம் அதிகம் பேச வேண்டியது. ஏலத்தில் வந்துகொண்டிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவர் விற்பவருக்குப் போன் செய்கிறார். 'ஏலத்தை நிறுத்துங்கள், இதற்கு மேல் இவ்வளவு தருகிறேன், பணம் இன்றே' என்கிறார். விற்பவரும் நிறுத்திவிடுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடைக்கே இப்படி நேர்ந்தது. மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் கிடங்கு ரேக்குகளும் எடை மேடைகளும் இணைய ஏலத்துக்கு வந்தன. டெபாசிட் கட்டி, ஆளனுப்பிப் பார்த்து, விலை கேட்டோம். முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது லாட்டை எடுத்துவிட்டார்கள். 'நிர்வாகக் காரணம்' என்று ஒரே பதில். டெபாசிட் திரும்பி வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ரேக்குகள் எங்கே போயின என்பது மட்டும் பத்தே நாளில் தெரிந்துவிட்டது. எங்கள் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நம்மைப் போன்ற ஒரு வணிகரின் கிடங்கில் நின்றன. அவரும் அந்த ஏலத்துக்கு டெபாசிட் கட்டி உள்ளே இருந்தவர்தான்.

விற்பவர் சரக்கை எடுத்துவிட்டார் என்று நாம் அவரை ஏசுகிறோம். ஆனால் வெளியில் விலை சொல்ல ஆள் இல்லாமல் எவரும் அந்தக் காரணத்துக்காக ஏலத்தை நிறுத்துவதில்லை. அந்த ஆள் பெரும்பாலும் வணிகர். நம்மில் ஒருவர்.

சரக்கு அவருடையது, யாருக்கு விற்றால் என்ன?

இப்படிச் சொன்னால் நம்மவர்களில் சிலர் ஒத்துக்கொள்வதில்லை. 'சரக்கு அவருடையது. கூடுதல் விலைக்கு விற்க அவருக்கு உரிமை உண்டு. காசைக் கொடுத்து வாங்குவதுதானே வியாபாரம், இதில் என்ன பாவம்?' என்று கேட்கிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நேர்ப்பேச்சில் விற்பதும் வாங்குவதும் தவறே இல்லை. அப்படி விற்க நினைத்தால் முதலிலேயே அப்படி விற்றிருக்கலாம்.

ஏலத்துக்கு வைத்தபிறகு செய்வதுதான் பிரச்சினை. ஏனென்றால் வெளியில் பேசப்பட்ட அந்தக் கூடுதல் விலை வானத்திலிருந்து வரவில்லை. பத்துப் பேர் தங்கள் செலவில் வந்து சரக்கைப் பார்த்து, தரத்தை எடை போட்டு, ஒருவர்மேல் ஒருவர் கேட்டு ஏற்றிய விலை அது. அதன்மேல் ஐயாயிரமோ பத்தாயிரமோ போட்டு ஒருவர் கொண்டுபோகிறார். மற்றவர்களின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டார் என்பதே இதற்குப் பொருள். துண்டுக்குள் கை விட்டு விரல் பிடித்து விலை பேசும் மாட்டுச் சந்தையில்கூட, ஒருவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் நடுவே புகுவதை மரியாதைக் குறைவாகவே கருதுவார்கள்.

விற்பவருக்கும் இது லாபம் என்று சொல்வதற்கில்லை. இரண்டு முறை இப்படிச் செய்தவரின் ஏலத்துக்கு மூன்றாம் முறை விவரம் அறிந்தவர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் சரக்கைச் சரியாகப் பார்க்கமாட்டார்கள். எப்படியும் எடுத்துவிடப் போகிறார் என்று குறைத்தே கேட்பார்கள். ஏலம் நடந்திருந்தால் இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இணைய ஏலங்கள் பலவற்றில் கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். உண்மையான போட்டி அந்தக் கடைசி நிமிடங்களில்தான். அதற்கு முன்பே நிறுத்தியவர் தன் விலையைத் தானே வெட்டிக்கொண்டவராகவும் இருக்கலாம்.

போடியில் நடக்கும் முறை

சரக்கை மறுக்கும் உரிமை இருந்தாலும் ஏலம் கெடாமல் நடக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. போடியில் 2007 முதல் ஏலக்காய் ஏலம் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு முறையில் நடந்து வருகிறது. இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் அவ்வாறே. அங்கே ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரி கொடுக்கிறார்கள். வாங்குபவர் பிரித்துப் பார்த்துக் கேட்கிறார். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயி தன் லாட்டைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். அந்த உரிமை அவருக்கு உண்டென்பது கேட்கிற வணிகர்கள் அனைவருக்கும் முன்பே தெரியும். அதனால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

அதைவிட முக்கியமானது, ஒவ்வோர் ஏலத்திலும் வந்த சரக்கு எத்தனை கிலோ, விற்ற சரக்கு எத்தனை கிலோ என்று இரண்டு கணக்கையும் வாரியம் தனித்தனியே வெளியிடுகிறது. வந்ததற்கும் விற்றதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இந்த ஒரு பழக்கம் மற்ற இணைய ஏலங்களுக்கும் வந்தாலே போதும், பாதிக் குறை தீர்ந்துவிடும். எந்த விற்பனையாளர் எத்தனை லாட் போட்டார், எத்தனையை எடுத்தார் என்பது வெளியே தெரிந்தால் எடுப்பதற்கு முன் அவரும் யோசிப்பார்.

வங்கி ஏலத்தில் ஒரு தீர்ப்பு

கிடங்கும் கடையும் வங்கி ஏலத்தில் வாங்க நினைக்கும் வணிகர்கள் 2023 செப்டம்பர் 21இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். மும்பைப் பக்கத்துச் சொத்து ஒன்றை வங்கி ஏலம் விட்டது. ஒரு நிறுவனம் 105 கோடியே 5 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதன்பிறகு கடன்காரர், நான் 129 கோடி கட்டிச் சொத்தை மீட்டுக்கொள்கிறேன் என்று வந்தார். வங்கி சம்மதித்தது, உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. ஏலத்தில் எடுத்தவர் உச்ச நீதிமன்றம் போனார். 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஏல அறிவிப்பு வெளியான பிறகு கடன்காரருக்கு மீட்கும் உரிமை இல்லை, ஏலம் உறுதியானபின் வங்கி தனியாகச் சமரசம் பேசியது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, சொத்தை ஏலத்தில் எடுத்தவருக்கே கொடுக்க உத்தரவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஏலத்தில் எடுத்தவர், கடன்காரர் கட்டிய தொகைக்கு ஈடாக மேலும் 23 கோடியே 95 லட்சம் ரூபாய் கட்ட முன்வந்தார், நீதிமன்றமும் அதைக் கட்டச் சொன்னது. ஆகச் சொத்து கிடைத்தது 129 கோடிக்கு. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் வழக்கு என்பது சும்மா வருவதில்லை. இவ்வகை வங்கி ஏலங்களில் எடுத்த விலையில் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்டிவிட வேண்டும், மீதியைச் சாதாரணமாக 15 நாளில் கட்ட வேண்டும். பணம் அங்கே முடங்கிக் கிடக்கையில் வழக்கு நடத்தும் சக்தி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? ஆகவே தீர்ப்பை மட்டும் நம்பிக்கொண்டிராமல் முன்ஜாக்கிரதையாக நடப்பதே சிறு வணிகருக்கு நல்லது.

நாம் செய்ய வேண்டியவை

1. டெபாசிட் கட்டும் முன் நிபந்தனைகளில் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள். லாட்டைத் திரும்பப் பெறும் உரிமை யாருக்கு, எதுவரை? ஏல முடிவு விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டதா? டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும்? மூன்றாவதற்குப் பதில் இல்லாத ஏலத்தில் பெரிய தொகையை முடக்காதீர்கள்.

2. விற்பனை உத்தரவு கைக்கு வரும்வரை அந்தச் சரக்கைக் காட்டி யாரிடமும் அச்சாரம் வாங்காதீர்கள், லாரிக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏலம் நின்றுபோனால் நம் வாடிக்கையாளரிடம் கெடுவது நம் பெயர்தான்.

3. முதல் நாளிலேயே கடைசி விலையைக் கேட்டு வைக்காதீர்கள். வெளியில் பேரம் பேசுபவருக்கு நம் கேள்வியே ஏணி ஆகிவிடுகிறது.

4. லாட்டை எடுத்துவிட்டால் அன்றைக்கே திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஏலம் நடத்தும் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் மூன்று கேள்வி அனுப்புங்கள். காரணம் என்ன, மறு ஏலம் உண்டா, டெபாசிட் எந்தத் தேதியில் வரும் என்று கேளுங்கள். போனில் கத்துவதால் பயனில்லை. எழுதியது மட்டுமே நாளைக்கு நிற்கும்.

5. உண்மையான இடையூறு என்றால் பெருந்தன்மையாக விட்டுவிடுங்கள். மறு ஏலத்தில் அதே விற்பவரிடம் நாம் வாங்க வேண்டியிருக்கும்.

6. பழிக்குப் பழி என்று வேறு பெயரில் புகுந்து பொய் விலை கேட்பது, ஊரெல்லாம் தூற்றுவது இவை இரண்டும் வேண்டாம். அவர் செய்தது தவறு என்றால் நாம் செய்வதும் தவறே.

7. ஏலம் நடந்துகொண்டிருக்கும் சரக்குக்கு விற்பவரை நேரில் அழைத்து விலை பேசாதீர்கள். அவராக அழைத்தாலும் 'ஏலம் முடியட்டும் ஐயா, அதிலேயே கேட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள்.

மேலே சொன்ன ஆறும் நம்மைக் காத்துக்கொள்வதற்கு. ஏழாவதுதான் ஏலத்தைக் காப்பது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

தனி ஒரு வணிகர் கேட்டால் ஏலத் தளங்கள் செவிசாய்க்கமாட்டா. சங்கம் கேட்டால் கேட்கும். முதல் கேள்வி பதிவான பிறகு லாட்டை எடுப்பதானால் காரணத்தைத் திரையிலேயே தெரிவிக்க வேண்டும். அப்படி எடுத்தால் அனைவருடைய டெபாசிட்டும் குறிப்பிட்ட நாளுக்குள் திரும்ப வேண்டும், தாமதமானால் வட்டி வேண்டும். காரணமின்றி எடுக்கும் விற்பனையாளரிடம் ஒரு கட்டணம் வசூலிக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையாளரும் போட்ட லாட் எத்தனை, எடுத்த லாட் எத்தனை என்பதைப் பட்டியலில் காட்ட வேண்டும். இந்த நான்கையும் நம் சங்கம் எழுத்து மூலம் ஏலம் நடத்தும் நிறுவனங்களின் முன் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கூடவே நமக்குள்ளும் ஒரு கட்டுப்பாடு தேவை. நடந்துகொண்டிருக்கும் ஏலத்தில் வெளியே கை நீட்டமாட்டோம் என்று உறுப்பினர்கள் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டால் அதற்கு அபராதமோ தண்டனையோ வைக்க வேண்டியதில்லை. யார் கிடங்கில் எந்தச் சரக்கு இறங்குகிறது என்பது நம் கடைத்தெருவில் பத்து நாளுக்கு மேல் மறைந்திருக்காது. வெளியில் வாங்க ஆள் இல்லை என்று ஆகிவிட்டால், விற்பவர் தன் சரக்கை ஏலத்திலேயே விட்டுவைப்பார்.